கொடிக்கம்பியில் நடந்த நாய்

பாப்பா,

ஜிம்மி நடக்கவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் நான் அனுப்பிய அந்தப் பதினோரு விநாடி வீடியோவிலும் நடக்கவில்லை. இன்று காலையிலும் பின்னங்கால் இரண்டையும் ஈரச் சாக்கு மாதிரி இழுத்துக்கொண்டுதான் குழாயடி வரைக்கும் வந்தது. இதைச் சொல்லிவிட்டால்தான் நீ நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு வரும். அதனால் முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிட்டேன். இருபத்தெட்டு வருஷம் திண்டிவனம் – விழுப்புரம் பஸ்ஸில் ‘உள்ள போ, உள்ள போ’ என்று கத்திய கண்டக்டருக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. பொய் மட்டும் எப்படிப்பா வந்தது என்று கேட்பாய். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பப் போவதில்லை. அந்த வீடியோ நெட்டில் இருக்கிற இடத்திலேயே, அதற்குக் கீழே, எல்லாரும் படிக்கிற மாதிரி போடப் போகிறேன். அடுத்த மாதம் புதுச்சேரியில் உன் பொறுப்பில் புது சென்டர் திறக்கிறார்கள். நாய்க்கும் குதிரைக்கும் பிசியோதெரபி என்று பெரிய போர்டு, போர்டில் ஜிம்மியின் படம். ஜிம்மியே நடந்து வந்து ரிப்பனைத் தாண்டினால் எப்படி இருக்கும் என்று உன் முதலாளி டாக்டரம்மா கேட்டதாக நீ போனில் சொன்ன அன்றைக்கே இதை இனி ரொம்ப நாள் மறைக்க முடியாது என்று புரிந்துவிட்டது. மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில்தான் அப்பா உண்மை பேசுகிறார் என்று நினைப்பாய். பாதி அதுதான். மறுபாதி ஒரு குதிரை. அதற்கு வருகிறேன்.

முதலில் என் பழைய பாவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீ மனுஷர்களுக்கு வைத்தியம் பார்க்கிற பிசியோதெரபி படித்து, ஆஸ்பத்திரி வேலையும் கிடைத்து, ஒன்றரை வருஷத்தில் அதை விட்டுவிட்டு மிருகங்களுக்குப் பார்க்கப் போகிறேன் என்றாய். உன் பெரியப்பா மகன் நிச்சயதார்த்தத்தில், ஓமந்தூரில், பந்தியில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது நான் வாயைத் திறந்தேன். “நாலரை வருஷம் படிக்க வெச்சது நாய்க்குக் காலு அமுக்கறதுக்கா? எங்க அப்பன் பண்ண வீட்டு மாட்டக் கழுவிக்கினு கெடந்தான். நீ பட்டணத்துல பணக்காரன் வூட்டு நாயக் கழுவப் போறியா? வித்தியாசம் இன்னாடி?” நீ பாதிச் சோற்றில் எழுந்து போனாய். அதற்குப் பிறகு இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருந்ததை நான் உனக்குச் சொன்னதே இல்லை. என் அப்பா கெடார் பக்கம் ஒரு பண்ணையில் ஆளாக இருந்தார். அந்த வீட்டு நாய்க்குப் பால்சோறு, அப்பாவுக்கு வாசலுக்கு வெளியே கேப்பைக் கூழ். அந்த நாய்க்கு இடுப்பு விழுந்தபோது எண்ணெய் காய்ச்சித் தடவச் சொல்லி அப்பாவைத்தான் உட்கார வைத்தார்கள். நான் சின்னப் பையன், பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அப்பாவுக்கே அப்போது முதுகு பிடித்து நிமிர முடியாமல் இருந்தது. அதற்கு எண்ணெய் காய்ச்ச யாரும் இல்லை. நாய் என்றாலே எனக்கு அந்த எண்ணெய் வாடைதான் வரும். இதை உன்னிடம் சொல்லியிருந்தால் நீ புரிந்துகொண்டிருப்பாய். சொல்லாமல் திட்ட மட்டும் திட்டினேன். பிள்ளைகளிடம் கோபத்தைக் காட்டுகிறவன் அதன் காரணத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும், பாப்பா. நாளைக்கு உனக்கு ஒன்று பிறந்தால் இதை மறந்துவிடாதே.

அப்புறம் போன ஆடி மாதம் நடந்தது உனக்குத் தெரியும். என்னால் நடந்தது என்பது தெரியாது. கேட் தானாகத் திறந்துகொண்டது என்றுதான் சொன்னேன். தானாக ஒன்றும் திறக்கவில்லை. நான் பேப்பர் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தவன் தாழ்ப்பாள் போடவில்லை. ஜிம்மி வெளியே ஓடியது, தண்ணி கேன் வண்டி ஏறி இறங்கிவிட்டது. முதுகுத்தண்டு போய்விட்டது, நடக்க வாய்ப்பு குறைவு என்று டாக்டர் சொன்னார். நீ லீவு போட்டு ஓடி வந்தாய். நாலு நாள் தரையிலேயே உட்கார்ந்து எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். வெந்நீர் ஒத்தடம், சைக்கிள் மிதிக்கிற மாதிரி காலை மடக்கி நீட்டுவது, பாதத்தில் விரலிடுக்கைக் கிள்ளி உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பது, அடிவயிற்றில் துண்டைக் கொடுத்துத் தூக்கி நிறுத்துவது. மல்லாட்டைக் கடலை மாதிரி நடுவில் ஒடுங்கிய ஒரு பெரிய பந்தைக் கொண்டுவந்து அதன்மேல் ஜிம்மியைச் சாய்த்துப் பழக்கினாய். உன் கையை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அது காலை அமுக்குகிற கை இல்லை. என்ன இருக்கிறது, என்ன போய்விட்டது என்று கேட்டுக்கொண்டே போகிற கை. பந்தியில் நான் பேசியது அன்றைக்குத்தான் என்னைக் கடித்தது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. தினமும் மூன்று வேளை நானே செய்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

செய்தேன், பாப்பா. அதில் பொய் இல்லை. நாலு மாதம் ஒரு வேளை விடவில்லை. முட்டி வீங்கியும் தரையில் உட்கார்ந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. விரலிடுக்கை எவ்வளவு அழுத்திக் கிள்ளினாலும் ஜிம்மி திரும்பிக்கூடப் பார்க்காது. நீ போன் பண்ணும்போது மட்டும் “பரவால்ல பாப்பா, கொஞ்சம் கொஞ்சம் அசைக்குது” என்பேன். நம் வீட்டு வழக்கம் அப்படி. உன் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் எடுத்ததைத் தையல் பிரித்த பிறகுதான் உனக்குச் சொன்னோம். உனக்கு ஹாஸ்டலில் டெங்கு வந்தபோது வெறும் சளி என்று நீயும் சொன்னவள்தான். எல்லாரும் நல்லா இருக்கோம் என்று சொல்லித்தான் நம் வீட்டில் பாசத்தைக் காட்டுவோம்.

டிசம்பரில் ஒருநாள் மத்தியானம் நீ போன் பண்ணினாய். ஹலோ என்பதற்கு முன்பே அழுதாய். “மூணாவது நாயும் போயிடுச்சிப்பா. ஒண்ணக்கூட என்னால நிக்க வைக்க முடியல. நீங்க அன்னைக்கு சொன்னது கரெக்ட்டுப்பா. நான் பேசாம ஆஸ்பத்திரி வேலைக்கே போயிடறேன்.” நான் ஆசைப்பட்டது அதுதானே, எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பந்தியில் நான் எறிந்த கல் நாலு வருஷம் கழித்து உன் மேல் விழுகிற சத்தம் கேட்டது. ஜிம்மி நின்னுடுச்சி பாப்பா என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. நீ அழுகையை நிறுத்தினாய். பிறகு, “வீடியோ அனுப்புங்கப்பா” என்றாய்.

மறுநாள் காலை உன் அம்மாவின் பழைய செம்மண் கலர் புடவைக் கரையைக் கிழித்து ஜிம்மியின் இடுப்பில் கட்டினேன். அதன் நிறமும் ஜிம்மியின் நிறமும் ஒன்று. புடவைக் கரையில் தூண்டில் நரம்பை முடிந்து, மறுமுனையை ஒரு வளையத்தில் போட்டு, வளையத்தைத் துணி காயவைக்கிற கொடிக்கம்பியில் மாட்டினேன். எதிரில் நின்று பொறை ரொட்டியைக் காட்டிக் கூப்பிட்டேன். அது முன்னங்காலால் என்னை நோக்கி வந்தது. வளையம் கம்பியில் வழுக்கிக்கொண்டே வர, பின்னங்கால் இரண்டும் தரையில் பட்டும் படாமலும் ஆடிக்கொண்டே வந்தன. கம்பி தெரியாத மாதிரி போனைத் தாழ்த்திப் பிடித்தேன். உன் அம்மா ஈரத்துணி வாளியோடு வந்து நின்றாள். “இன்னாங்க பண்றீங்க? வாயில்லா ஜீவன வெச்சி பொம்மலாட்டமா? பாப்பா நம்ம புள்ள, அதுக்கிட்ட போய் இந்த வேலைய…” என்றவள் துணியைக் காயப்போடாமலே உள்ளே போய்விட்டாள். நான் வீடியோவை அனுப்பினேன். நீ ‘அப்பா, அப்பா, அப்பா’ என்று மூன்று தடவை எழுதினாய். அந்த மூன்றுக்கும் ஆசைப்பட்டுத்தான் செய்தேன் என்று இன்றைக்கு ஒத்துக்கொள்கிறேன்.

நீ அதை உலகத்துக்கே காட்டுவாய் என்று நான் நினைக்கவில்லை, சத்தியமாக. கைவிடாதீர்கள் என்று எழுதி நீ போட்டாய், அது தீ மாதிரி பரவியது. உன்னைத் தேடி நாய்களைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். குதிரைகள் இருக்கிற இடத்திலிருந்தும் கூப்பிட்டார்கள். டீக்கடையில் என்னை நாய் டாக்டரம்மா அப்பா என்றார்கள். ஒரு காலத்தில் அதைக் கேட்டால் செருப்பைக் கழற்றியிருப்பேன். இப்போது டீ வாங்கிக் கொடுத்தேன். உனக்கு நிஜமாகவே சில நாய்கள் எழுந்து நின்றன என்றும் சொன்னாய். பார்த்தாயா, என் பொய் என் பிள்ளைக்கு உரமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வெட்கங்கெட்ட மனசு எதையெல்லாம் நினைக்கிறது பார்.

மாசியில் அன்வர் பாய் வந்தார். விழுப்புரத்துக்காரர். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர். அவரிடம் இருந்தது ஒரே வெள்ளைக் குதிரை, பெயர் சுல்தான். கண்டமங்கலத்தில் ஒரு ஊர்வலத்தில் சரவெடி காலடியில் விழுந்து, மிரண்டு, சாக்கடை விளிம்பில் சரிந்து விழுந்துவிட்டது. இடுப்பு உடைந்துபோயிற்று, எழுந்திருக்காது, குதிரைக்குப் படுக்கை ஆகாது, ஊசி போட்டு நிம்மதியாக அனுப்பிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அன்று மாலையே யாரோ ஜிம்மி வீடியோவை அவருக்குக் காட்டியிருக்கிறார்கள். உனக்குப் போன் போட்டாராம், நீ எடுக்கவில்லை. விசாரித்துக்கொண்டு நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். “உங்க நாய ஒரு தபா கண்ணால பாத்துட்டு ஜல்தி போயிடறேன் சார். அது நடக்கறத பாத்தா எனுக்கு தெம்பு வரும். டாக்டரு ஊசியோட நின்னுக்கினு இருக்காரு. நான் இன்னா சொல்லட்டும் அவுருக்கு?”

பாப்பா, அந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும். ஜிம்மி உள் அறையில் இருந்தது, புது ஆள் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கியது. கதவைச் சாத்தினேன். “ஊசி போட்டுருக்கு பாய், எழுப்பக் கூடாதுன்னு பாப்பா சொல்லியிருக்கு” என்றேன். அவர் உடனே நம்பினார். ஐயோ, வேணாம் வேணாம், தூங்கட்டும் என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். உன் அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். நான் என் காலையே நீட்டி, எப்படி மடக்க வேண்டும், எப்படித் தேய்க்க வேண்டும் என்று அவருக்குக் காட்டினேன். “கைவிடாதீங்க பாய். தினம் மூணு வேள. எழுந்துக்கும்.” சொன்னவன் நான்தான்.

அவர் போய் டாக்டரைத் திருப்பி அனுப்பினார். புளியமரக் கிளையில் செயின் போட்டு, கோணிச் சாக்கை அகலமாகத் தைத்து, அதில் குதிரையைத் தூக்கி நிறுத்தினார். பதினைந்து நாள். சாக்கு உரசி வயிற்றுத்தோல் கிழிந்து, ஈ மொய்த்து, தீனி எடுக்காமல், கடைசி இரண்டு நாள் தலையை நிமிர்த்தாமல் தொங்கிக்கொண்டே செத்தது. முதல் நாள் ஊசியோடு முடிந்திருக்க வேண்டியது. அந்தப் பதினைந்து நாளும் என்னுடையவை. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால் அவரே சொன்னார். குதிரை போன மறுநாள் வாட்ஸப்பில் குரல் அனுப்பியிருந்தார். “சார், மன்னிச்சுக்குங்க. மூணு வேள செய்யச் சொன்னீங்க. கூலிக்கு ஓடிக்கினு இருந்ததால செல நாளு ரெண்டு வேளதான் செஞ்சேன். நான்தான் தப்பு பண்ணிட்டேன். பாப்பாகிட்ட சொல்லாதீங்க, வருத்தப்படும்.” அதை எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே தெரியாது. அந்த மனுஷன் என்னைத் திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

அதற்குப் பிறகு என்னால் மாதா கோயிலில் நற்கருணை அப்பம் வாங்கப் போக முடியவில்லை. எல்லாரும் வரிசையில் போக நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பேன். கடைசியில் பாவசங்கீர்த்தனத்தில், சாமியார் காதில் என் பாவத்தைச் சொன்னேன். “ஆண்டவர் மன்னிப்பாருங்க, அவருக்குப் பெரிய மனசு. அந்தக் குதிரைக்காரருக்கு யாரு சொல்றது? வீடியோ பாத்துட்டு இன்னும் எத்தினி பேரு இப்பிடித் தொங்கவிட்டுக்கினு இருக்காங்களோ, அவங்களுக்கு யாரு சொல்றது?” என்றார். இவ்வளவு நாளும் அன்வர் பாய் ஒருத்தர்தான் என்று நினைத்திருந்தேன். சாமியார் கேட்ட பிறகு தூக்கமே போய்விட்டது.

ஆகவே படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். அந்த வீடியோ பொய். செய்தவன் நான். கொடிக்கம்பி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். உங்கள் நாயோ குதிரையோ எழுந்திருக்காது என்று டாக்டர் சொன்னால், அதைச் சொல்வதும் வைத்தியம்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். என் மகளுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அவள் தன் அப்பாவை நம்பினாள், அவ்வளவுதான். உனக்கும் ஒன்று சொல்கிறேன் பாப்பா. வீட்டுக்காரர்கள் சொல்வதை நம்பாதே, எவ்வளவு பிரியமானவர்களாக இருந்தாலும். காலை நீயே தொட்டுப் பார். முடியாது என்று தெரிந்தால் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்லக் கற்றுக்கொள். உன் அப்பனுக்கு வராத படிப்பு அது.

*

மேலே இருப்பதை நேற்று எழுதி முடித்தேன். இந்தக் கடைசித் தாளை ஊருக்குப் போட மாட்டேன். இது உனக்கு மட்டும்.

போடுவதற்கு முன்னால் அன்வர் பாயிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று இன்றைக்குக் காலை விழுப்புரம் போனேன். நான் கத்திக் கத்திக் காலம் தள்ளிய அதே ரோடு. புது கண்டக்டர் என்னை உள்ளே போகச் சொல்லித் தள்ளினான். பாய் வீட்டில் லாயம் காலியாக இருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், கொடிக்கம்பி வரைக்கும். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் போனை எடுத்து அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தார். நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்.

“ஆமா சார்,” என்றார். “பாதம் மடங்கிக் கெடக்குது பாருங்க, ஊணவே இல்ல. இடுப்பு ஏறி எறங்கல. ஒரு மிருகம் நடந்தா இடுப்பு ஏறி எறங்கும். நான் முப்பது வருஷம் குதிர கால பாத்துக்கினே பொழச்சவன். அன்னைக்கு ஆசையில பாத்தேன், தெரியல.” போனை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். “படிச்ச புள்ளயாச்சே சார் உங்க பாப்பா. அதுக்கு எப்பிடி சார் தெரியாம போச்சு?”

திரும்பி வருகிற பஸ்ஸில் பதிலைத் தேடிக்கொண்டே வந்தேன். பாப்பா, அந்த வீடியோவுக்குப் பிறகு நீ ஒரு தடவைகூட வீட்டுக்கு வரவில்லை. பொங்கலுக்கு வரவில்லை, ஈஸ்டருக்கு வரவில்லை. சென்னையிலிருந்து திண்டிவனம் மூன்று மணி நேரம்கூட இல்லை. வேலை அதிகம் என்றாய், என் வேஷம் கலையாமல் இருக்கிறதே என்று நானும் நிம்மதியாக இருந்தேன். வேறொரு வீடியோ அனுப்புங்கள் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. ரிப்பன் விஷயம் சொன்ன அன்றைக்கு நான் பதில் சொல்வதற்கு முன்பே, நீயே அவசரமாகச் சொன்னாய்: “ஜிம்மிய இட்டுக்கினு வர வேணாம்பா. கூட்டம் அதுக்கு ஒத்துக்காது. போட்டோ போதும்னு நானே சொல்லிட்டேன்.” அப்பாடா, தப்பித்தேன் என்று அன்றைக்கு மூச்சு விட்டேன். யாரைத் தப்பிக்க வைத்தாய், பாப்பா? என்னையா, உன்னையா?

நீயும் பாய் மாதிரி ஆசையில் பார்த்தாயா, தெரியாமல் போயிற்றா? இல்லை, முதல் விநாடியே தெரிந்தும், கிழவன் சந்தோஷமாக இருக்கட்டும் என்றோ, வேலை நிலைக்கட்டும் என்றோ கண்ணை மூடிக்கொண்டாயா? எதுவாக இருந்தாலும் அதன் வேர் என்னிடம்தான் இருக்கிறது, உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் உனக்கு எந்தப் பங்கும் இல்லை என்று நேற்று ஊருக்கு எழுதி வைத்திருக்கிறேனே, அந்த ஒரு வரி உண்மையா, இல்லை உனக்காக நான் சொல்கிற இரண்டாவது பொய்யா என்று எனக்குத் தெரியாது. நாளைக்கு அந்த வரியோடேயே போட்டுவிடுவேன். அடித்து எழுதக் கை வரவில்லை.

நேரில் வா. வந்து ஜிம்மிக்கு என்ன செய்ய வேண்டுமோ செய், ஊசி என்றாலும் நான் மறுக்க மாட்டேன். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, தெரியும் என்றோ தெரியாது என்றோ ஒரு வார்த்தை சொல். போனில் மட்டும் சொல்லாதே. நீ போனில் எதைச் சொன்னாலும் இனிமேல் என்னால் நம்ப முடியாது.

அப்பா